வயதான ஃபெரெட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டாக்டர்கிட்ட காட்டினோம். வயசாயிடுச்சு, அவ்வளவுதான்னு சொல்லிட்டார்." ஃபெரெட் (கீரியைப்போல நீண்ட உடம்புள்ள சிறு வளர்ப்புப் பிராணி) வளர்ப்பவர்கள் இருவர் பேச ஆரம்பித்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான். எங்கள் பஞ்சுவுக்கு அப்போது ஐந்தரை வயது. பின்னங்கால்கள் துவண்டன. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு முன்னால் வந்து நிற்பாள். எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனதுபோல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு வாரம் அதை முதுமை என்றே நம்பினோம். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ரத்தத்தில் சர்க்கரையை அளந்தார். ஒரு டெசிலிட்டருக்கு 48 மில்லிகிராம். இருக்க வேண்டியதில் பாதி. கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. மருந்து தொடங்கிய பிறகு பதினான்கு மாதம் எங்களோடு இருந்தாள், அதில் பெரும்பகுதி நன்றாகவே இருந்தாள்.

அந்த ஏழு வாரம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லவில்லை. அதை உங்கள் ஃபெரெட்டைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை வயதில் ஒரு ஃபெரெட்டை வயதானது என்று சொல்லலாம்?

பெரும்பாலானவை 5 முதல் 8 ஆண்டு வாழும். பத்தைத் தொடுபவையும் உண்டு. ஆனால் முதுமைக்கால நோய்கள் என்று நாம் நினைப்பவை 3, 4 வயதிலேயே தலைகாட்டத் தொடங்கிவிடும். அதனால் மூன்று வயது தாண்டியதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஆறு வருடமே வாழும் உயிருக்கு ஆறு மாதம் என்பது நீண்ட காலம்.

எந்த அறிகுறி தெரிந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது?

ஆண் ஃபெரெட் சிறுநீர் கழிக்க முக்குகிறது, வரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். அடைப்பு நீடித்தால் ஒரு நாளுக்குள் உயிரே போகலாம். வலிப்பு, மயங்கி விழுதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருத்தல் ஆகியவையும் இதே கணக்குதான். மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறது என்று பொருள். அடிக்கடி வாந்தி எடுத்து, சாப்பாட்டையும் தொடாமல், மலமும் போகாமல் இருந்தால் குடல் அடைத்திருக்கலாம். இளம் ஃபெரெட்டுகளில் இது பெரும்பாலும் ரப்பர், ஸ்பாஞ்ச் துண்டுகளை விழுங்கியதால் வரும். வயதானவற்றில் வயிற்றில் திரண்ட முடி உருண்டையும் காரணமாக இருக்கும்.

இன்னொன்று, சாப்பாடு. ஒரு நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஃபெரெட்டின் குடல் வழியாக உணவு 3, 4 மணி நேரத்தில் கடந்து போய்விடும். அரை நாள் எதையும் தொடவில்லை என்றாலே மருத்துவருக்கு போன் போட வேண்டும்.

தூங்கும்போது தூக்கினால் துணிபோலத் தொங்குகிறது, எழுவதே இல்லை. பயப்பட வேண்டுமா?

ஆரோக்கியமான ஃபெரெட்டும் இப்படித் தூங்கும். கழுத்தும் கால்களும் தொங்க, உயிர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். முதலில் ஈறைப் பாருங்கள், வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். உடம்பு சூடாக இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கருகே பிடித்தமான உணவைக் காட்டி, மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓரிரு நிமிடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்துவிடும். எழுந்த பிறகும் தள்ளாடினால், எச்சில் வடிந்தால், கண் எங்கோ நிலைகுத்தி நின்றால் அது தூக்கம் இல்லை. அடுத்த கேள்விக்குப் போங்கள்.

வெறித்துப் பார்க்கிறது, முன்னங்காலால் வாயைச் சுரண்டுகிறது, எச்சில் வடிகிறது. என்ன இது?

ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது ஃபெரெட் செய்வது இதையெல்லாம்தான். வாயைச் சுரண்டுவது குமட்டலின் அடையாளம். பல்லில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் தேடுபவர்கள் அதிகம், நாங்களும் தேடினோம். நடுத்தர வயது தாண்டிய ஃபெரெட்டில் இதற்கு மிகப் பொதுவான காரணம் இன்சுலினோமா. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சிறு சிறு கட்டிகளாகித் தேவைக்கு மேல் இன்சுலினைக் கொட்டுகின்றன. சர்க்கரை சரிகிறது, மூளைக்கு எரிபொருள் இல்லாமல் போகிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியது: தேனையோ குளுக்கோஸ் பாகையோ பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு ஈறில் தடவுங்கள். விரலை வாய்க்குள் விடாதீர்கள். வலிப்பில் தாடை இறுகினால் எலும்புவரை கடிபடும். நினைவில்லாத ஃபெரெட்டின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். சில நிமிடங்களில் தெளிந்து தலையைத் தூக்கியதும் இறைச்சி உணவைக் கொஞ்சம் கொடுங்கள். இந்த இரண்டாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெறும் இனிப்போடு நிறுத்தினால் அதைக் கண்டு கணையம் இன்னும் இன்சுலினைச் சுரக்கும், சர்க்கரை மறுபடி சரியும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். தெளியவே இல்லை என்றால் தேன் தடவிக்கொண்டே போங்கள்.

இன்சுலினோமா என்பதை எப்படி உறுதி செய்வார்கள்?

பட்டினி வைத்து ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்கள். இங்கேதான் கவனம் தேவை. நாய், பூனைக்குச் சொல்வதுபோல "இரவு முழுக்கச் சாப்பாடு வேண்டாம், காலையில் கொண்டு வாங்க" என்று யாராவது சொன்னால் அப்படியே தலையாட்டிவிடாதீர்கள். ஃபெரெட்டுக்கு 3, 4 மணி நேரப் பட்டினி போதும். அதுவும் யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நோய் உள்ள ஃபெரெட்டை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் விடிவதற்குள் வலிப்பு வந்துவிடலாம்.

ஆரோக்கியமான ஃபெரெட்டுக்கு அளவு ஏறக்குறைய 90 முதல் 120 வரை இருக்கும். 60-க்குக் கீழே போய், அறிகுறிகளும் இருந்தால் பெரும்பாலும் சந்தேகமே இல்லை. இடைப்பட்ட எண் வந்தால் மறுபடி ஒருநாள் பார்க்கச் சொல்வார்கள். மனிதர்களுக்கான சர்க்கரை அளக்கும் கருவி ஃபெரெட்டின் ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் ஆய்வக அளவோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதி அடைய முடியாது. இந்தக் கட்டிகள் பெரும்பாலும் மிகச் சிறியவை, அல்ட்ராசவுண்டில் சிக்காமலே போகும்.

சிகிச்சை என்ன? குணமாகுமா?

முழுக்கக் குணமாவது அரிது. ஆனால் நல்ல நாட்கள் கிடைக்கும், சில மாதங்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள்வரைகூட. அறுவை சிகிச்சையில் கட்டிகளை எடுத்தால் பல ஃபெரெட்டுகள் சிறிது காலம் மருந்தே இல்லாமல் இருக்கும். பிறகு வேறு இடத்தில் மறுபடி முளைக்கும். மருந்து என்றால் முதலில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, அது போதாதபோது டயசாக்சைடு. ப்ரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிக்காகக் கொடுக்கும் மெலோக்சிகாம் போன்றவற்றை அதோடு சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் வரும். வேறொரு மருத்துவர் எதையாவது எழுதினால், ஏற்கெனவே என்ன கொடுக்கிறீர்கள் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

மருந்து பாதி, சாப்பாடு பாதி. ஃபெரெட் முழு இறைச்சி உண்ணி. மாவுச்சத்துக்கு அதன் உடம்பில் இடமே இல்லை. பழம், இனிப்பான பேஸ்ட், தானியம் கலந்த பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இறைச்சிப் புரதமும் கொழுப்பும் நிறைந்த உணவு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சாப்பிட வையுங்கள், இரவிலும்தான். பஞ்சுவுக்காக அதிகாலை இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தோம். அந்த நேரத்தில் கிண்ணத்தில் அவள் நாக்கு படும் சப்தம் கேட்டால்தான் மறுபடி தூக்கம் வரும்.

பின்னங்கால் தளர்கிறது. மூட்டுவலிதானே?

இருக்கலாம், ஆனால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அது. ஃபெரெட்டின் உடம்பில் எங்கே கோளாறு வந்தாலும் முதலில் தளர்வது பின்னங்கால்தான். சர்க்கரை குறைவு, இதய நோய், ரத்தசோகை, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், முதுகெலும்புக் கோளாறு, கடும் வலி எல்லாமே இப்படித்தான் வெளியே தெரியும். "காலில் பிரச்சினை" என்று போனீர்கள் என்றால் காலை மட்டும் பார்த்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. சர்க்கரை பார்த்தீர்களா, இதயத்தைக் கேட்டீர்களா, ரத்த அணு எண்ணிக்கை எடுத்தீர்களா என்று நீங்களே கேளுங்கள்.

இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வயதான ஃபெரெட்டுகளில் இதயத்தசை தளர்ந்து விரிவடையும் நோய் அபூர்வம் இல்லை. சோர்வு, வேகமான மூச்சு, எடை குறைந்தும் வயிறு மட்டும் உப்புதல் ஆகியவை அதன் அடையாளம். எக்கோ எடுத்தால் தெரியும், மருந்தும் உண்டு. கொசுக்கள் உள்ள இடம் என்றால் இதயப்புழுவையும் மறக்கக் கூடாது. அவ்வளவு சின்ன இதயத்தில் ஒன்றிரண்டு புழு இருந்தாலே ஆபத்து. நாய்களுக்கான சோதனையில் அது அகப்படாமலும் போகலாம். வராமல் தடுக்கும் மருந்துதான் உத்தமம்.

வாலில் முடி கொட்டத் தொடங்கி முதுகுவரை வந்துவிட்டது. தோல் நோயா?

வாலில் மட்டும் பருவத்துக்கேற்ப முடி கொட்டி மறுபடி முளைப்பது உண்டு. வாலிலிருந்து இடுப்பு, முதுகு என்று மேலே ஏறிக்கொண்டே போனால், அரிப்பும் இருந்தால், கருத்தடை செய்த பெண் ஃபெரெட்டின் பிறப்புறுப்பு வீங்கினால், ஆண் சிறுநீருக்குச் சிரமப்பட்டால் அட்ரினல் சுரப்பி (சிறுநீரகத்தை ஒட்டி இருக்கும் சிறு சுரப்பி) நோய் என்று நினைக்க வேண்டும். தைலமும் ஷாம்பூவும் தேய்த்து மாதங்களைக் கடத்தாதீர்கள்.

நாய்களிலும் அட்ரினல் நோய் உண்டு என்பதால் குழப்பம் வருகிறது. நாயில் கூடுவது கார்டிசால் என்ற ஹார்மோன். ஃபெரெட்டில் கூடுவது ஈஸ்ட்ரடயால் போன்ற பாலின ஹார்மோன்கள். ஆகவே நாய்க்குச் செய்யும் கார்டிசால் சோதனையை ஃபெரெட்டுக்குச் செய்து "எல்லாம் நார்மல்" என்று அனுப்பினால் அதற்கு அர்த்தமே இல்லை. அறிகுறிகள், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் பாலின ஹார்மோன் அளவு என்ற வழியில்தான் முடிவுக்கு வர வேண்டும். இனப்பெருக்கச் சுரப்பிகளை நீக்கிய ஃபெரெட்டுகளில், குறிப்பாக மிகச் சிறு வயதிலேயே நீக்கியவற்றில், இது அதிகம். சுரப்பி போனதும் அதைத் தூண்டும் மூளை ஹார்மோனுக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. அது அட்ரினலைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது.

சிகிச்சைக்கு டெஸ்லோரெலின் என்ற மருந்துக் குச்சியைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள். அரிசி மணியைவிடச் சற்றே பெரிது. முதல் ஓரிரு வாரம் அறிகுறிகள் கொஞ்சம் கூடுவதுபோல் தெரியும், பயப்பட வேண்டாம். பிறகு வீக்கம் வடியும், சில வாரங்களில் முடி முளைக்கும். ஏறக்குறைய ஓராண்டு வேலை செய்யும், சிலவற்றில் அதற்கு மேலும். இது ஹார்மோனை அடக்குமே தவிர, கட்டியைக் கரைக்காது. அதனால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை சிகிச்சையும் உண்டு. இடப்பக்கச் சுரப்பியை எடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. வலப்பக்கத்தது பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இந்த அறுவையில் நல்ல பழக்கம் உள்ள கை வேண்டும்.

இன்சுலினோமாவும் அட்ரினல் நோயும் ஒரே ஃபெரெட்டுக்குச் சேர்ந்து வருவது சகஜம். ஒன்று தெரிந்துவிட்டது என்று மற்றொன்றைத் தேடாமல் விடக் கூடாது.

எங்களுக்குக் கிடைப்பவர் நாய், பூனை பார்க்கும் மருத்துவர்தான். போதுமா?

சிறு விலங்குகளையும் அரிய வளர்ப்புப் பிராணிகளையும் பார்க்கும் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் போவதே சரி. கிடைக்காவிட்டால், போன் செய்து நேரம் வாங்கும்போதே சில கேள்விகளைக் கேளுங்கள். மாதத்தில் எத்தனை ஃபெரெட் பார்க்கிறீர்கள்? ஃபெரெட்டுக்கு அறுவை செய்த அனுபவம் உண்டா? பரிசோதனைக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி வைக்கச் சொல்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி நல்ல உரைகல். "மூன்று நான்கு மணி நேரம்" என்று பதில் வந்தால் பாதி நிம்மதி. இரவு அவசரத்துக்கு யார் பார்ப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில், "எனக்கு ஃபெரெட் அவ்வளவாகப் பழக்கமில்லை, தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லும் நாய்-பூனை மருத்துவர் பொன்னானவர். பஞ்சுவைக் காப்பாற்றியது அப்படி ஒருவர்தான். எங்கள் முன்னாலேயே தொலைபேசியில் ஒரு நிபுணரை அழைத்து, பத்து நிமிடம் குறிப்பெடுத்தார். அரிய பிராணி நிபுணர்கள் பலர் இப்படி மற்ற மருத்துவர்களுக்கு ஆலோசனை தருவதுண்டு. உங்கள் மருத்துவரிடம் அதைத் தயங்காமல் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

முதலில் எடைக் கணக்கு. சமையலறைத் தராசு போதும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், கிண்ணத்தில் உட்கார வைத்து எடை பார்த்து எழுதுங்கள். ஃபெரெட்டுகள் குளிர்காலத்துக்கு முன் கொழுத்து, வெயில் காலத்தில் மெலியும். அதனால் ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால்தான் எது இயல்பு, எது நோய் என்று பிரிக்க முடியும். பஞ்சு 1,040 கிராமிலிருந்து 890-க்கு இறங்கியிருந்தாள். கையில் தூக்கிப் பார்த்தபோதெல்லாம் எங்களுக்கு அது தெரியவே இல்லை.

அடுத்தது வீடியோ. மருத்துவமனை மேஜைமேல் வைத்ததும் பயத்தில் எல்லா ஃபெரெட்டும் சுறுசுறுப்பாகிவிடும். வீட்டில் தள்ளாடியது அங்கே ஓடும். தள்ளாட்டமோ வெறித்த பார்வையோ வந்த அந்த அரை நிமிடத்தைப் படம் பிடித்துக் காட்டினால் பத்து நிமிட விளக்கம் மிச்சம். அப்புறம், அன்றைய மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். வழக்கமாகச் சாப்பிடும் உணவின் அட்டை, கொடுக்கும் மருந்துகளின் பட்டியல், முந்தைய அறிக்கைகளின் நகல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். கூண்டுக்குள் அது தூங்கும் துணியையே விரியுங்கள். காரில் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெரெட்டுக்கு வியர்க்காது, 30 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே திணறும்.

ரத்தம் எடுக்க மயக்கம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வயதானது தாங்குமா?

அமைதியான ஃபெரெட்டுக்கு மயக்கம் இல்லாமலும் எடுக்கலாம். பிடரியைப் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலானவை தளர்ந்து கொட்டாவி விடும். அந்த நொடியில் பல், ஈறு, தொண்டை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். துள்ளும் ஃபெரெட் என்றால் ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம் பொதுவான வழி, குறுகிய நேரத்துக்குப் பெரும்பாலும் தாங்கும். இந்த வாயு ஃபெரெட்டின் சிவப்பணு அளவைத் தற்காலிகமாகக் குறைத்துக் காட்டும். ரத்தசோகை என்று அறிக்கை வந்தால், மயக்கத்தில் எடுத்த ரத்தமா என்று கேளுங்கள்.

ஒரு கிலோ ஃபெரெட்டின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 60 மில்லிலிட்டர் ரத்தம்தான் இருக்கும். எந்தச் சோதனைக்கு எவ்வளவு தேவை, எது முதலில் முக்கியம் என்று பேசி முடிவு செய்துவிட்டு ஊசி போடுவது நல்லது.

மண்ணீரல் பெரிதாக இருக்கிறதாம். புற்றுநோயா?

அந்த ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயதான ஃபெரெட்டுகள் பலவற்றுக்கு மண்ணீரல் வீங்கியே இருக்கும். பெரும்பாலும் அது ரத்த அணு உற்பத்தியால் வரும் தீங்கற்ற வீக்கம். லிம்போமாவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் நுண்ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பதில் வரும்முன் மனதை ஒடித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் இருக்கும் மனித மருந்தைக் கொஞ்சமாகக் கொடுக்கலாமா?

கூடாது. இபுப்ரோஃபென் மாத்திரை ஒன்றே ஒரு ஃபெரெட்டைக் கொல்லக்கூடும். பாராசிட்டமாலும் நஞ்சு. மருத்துவரே மனிதர்களுக்கான சிரப்பை எழுதிக் கொடுத்தாலும், அதில் சர்க்கரையோ ஆல்கஹாலோ இருக்கிறதா என்று கேளுங்கள். கணையக் கட்டி உள்ளதற்கு ஸ்டீராய்டைச் சர்க்கரைப் பாகில் கரைத்துக் கொடுத்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுபோல் ஆகிவிடும்.

சாப்பிட மறுக்கிறது. ஊட்டுவது எப்படி?

ஏன் மறுக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல்லை நறநறவென்று கடித்தால் குமட்டலோ இரைப்பைப் புண்ணோ இருக்கலாம். ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவின் ஃபெரெட் வகை இதற்கு அடிக்கடி காரணமாகும். அதற்கு மருந்து உண்டு. பல் உடைந்திருக்கலாம், ஈறு சீழ் பிடித்திருக்கலாம். குடல் அடைப்பு இருக்கும்போது வலுக்கட்டாயமாக ஊட்டினால் விபரீதம்.

அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கிய வழக்கமான உணவையோ, மருத்துவர் தரும் இறைச்சிக் கூழையோ வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மடியில் நிமிர்த்தி வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சை வாயின் ஓரத்தில் வைத்து, ஒரு துளி. நக்கி விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த துளி. மல்லாத்தி வைத்து ஊட்டக் கூடாது. முதல் நாள் பஞ்சு சிரிஞ்சைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் விரல் நுனியில் தடவிக் காட்டியதும் ஒருமுறை நக்கினாள், கொஞ்சம் யோசித்தாள், பிறகு விரலை விடவே இல்லை. நான்காம் நாள் கிண்ணத்துக்குத் தானே வந்தாள்.

எனக்குக் காய்ச்சல், சளி. அதற்கு ஒட்டுமா?

ஒட்டும். சாதாரண ஜலதோஷத்தைவிட இன்ஃப்ளூயன்ஸா விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அந்த வைரஸ் மனிதரிடமிருந்து முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டதே ஃபெரெட்டுகளால்தான். 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லேய்ட்லா ஆகியோர் நோயாளிகளின் தொண்டை நீரை ஃபெரெட்டுகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஃபெரெட்டுகளும் தும்மத் தொடங்கின. கொரோனா வைரஸும் இவற்றைத் தொற்றும். இளம் ஃபெரெட் ஒரு வாரத்தில் தேறிவிடும். வயதானதும் நோயில் இருப்பதும் நிமோனியாவில் போய் விழலாம். நீங்கள் படுத்திருக்கும் நாட்களில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆள் இல்லை என்றால் முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

கண்ணில் சீழ்போல நீர், தாடையில் தடிப்பு, பாதம் தடித்துக் கடினமாதல் என்று வந்தால் அது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். ஃபெரெட்டுக்கு அது வந்தால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மற்ற ஃபெரெட்டுகளை உடனே பிரித்து வையுங்கள்.

அப்படியென்றால் வயதானதற்கும் தடுப்பூசி போட வேண்டுமா?

உடம்பு சரியில்லாத நேரத்தில் வேண்டாம். நிலைமை சீரான பிறகு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஃபெரெட்டுக்குப் போடக் கூடாது. அதில் உள்ள வலுக்குறைத்த வைரஸால் நோயே வந்துவிடலாம். ஃபெரெட்டுக்குப் பாதுகாப்பானது எது என்று கேட்டு, பெயரைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமை வாந்தியாகவும் வயிற்றுப்போக்காகவும் திடீரென்று கிளம்பும்.

இன்னொரு மருத்துவரிடம் போனால் முதல் மருத்துவர் வருத்தப்பட மாட்டாரா?

நல்ல மருத்துவர் வருத்தப்பட மாட்டார். அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. "உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை டாக்டர், ஃபெரெட் அதிகம் பார்ப்பவர் ஒருவரிடமும் காட்டிவிட்டு உங்களிடமே வருகிறோம்" என்று சொன்னால் போதும். "வயசாயிடுச்சு" என்ற பதில் வந்தால் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "வயசானதால் எந்த உறுப்பு சரியாக வேலை செய்யவில்லை?" அதற்குப் பதில் இல்லை என்றால் பரிசோதனை இன்னும் முடியவில்லை.

ஆறு வயதில் அறுவை சிகிச்சை செய்வது கொடுமை இல்லையா?

வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் ஆறு வயது ஃபெரெட், நோயில் இளைத்த நான்கு வயதைவிட நன்றாகத் தேறும். பஞ்சுவுக்கு இதயம் பலவீனமாக இருந்ததால் நாங்கள் மருந்தோடு நிறுத்திக்கொண்டோம். பணம் ஒரு தடை என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எல்லாப் பரிசோதனையையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. எதை முதலில் பார்த்தால் சிகிச்சையின் போக்கு மாறும் என்று கேட்டால் மருத்துவர் வரிசைப்படுத்தித் தருவார்.

போதும் என்று எப்போது முடிவெடுப்பது?

உங்கள் ஃபெரெட்டுக்கு உயிருக்குயிரான மூன்று விஷயங்களை இப்போதே எழுதி வையுங்கள். பஞ்சுவுக்கு அவை: பிடித்த காலுறையைத் திருடி மெத்தைக்கடியில் ஒளிப்பது, காலையில் என் கணுக்காலை முகர்வது, குளியலறைத் தரையில் வயிறு பட நீட்டிப் படுப்பது. மூன்றில் இரண்டு போய்விட்டால் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தோம். மருந்தை ஏற்றியும் வலிப்பு நிற்காமல் வருவது, மூச்சுக்குத் தவிப்பது, எழுந்து மலம் கழிக்கவும் முடியாமல் அதிலேயே கிடப்பது போன்றவற்றை நாள் கணக்கில் நீட்டிக்க வேண்டாம்.

கருணைக்கொலைக்கு முன் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள். முழுக்கத் தூங்கிய பிறகே கடைசி ஊசி போட வேண்டும். நீங்கள் கையில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள், பெரும்பாலோர் சம்மதிப்பார்கள்.

கூட வளர்ந்த இன்னொரு ஃபெரெட் இருக்கிறது. அதை என்ன செய்வது?

உடலைக் காட்டுங்கள். தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் சொன்னால் அதில் தவறில்லை. காட்டாமல் விட்டால் சில ஃபெரெட்டுகள் நாட்கணக்கில் மூலைமூலையாகத் தேடும், சாப்பாட்டையும் விடும். எங்கள் வீட்டில் இருந்தவன் வந்து பஞ்சுவின் காதை முகர்ந்தான், கழுத்தருகே கொஞ்சம் நக்கினான், பிறகு விலகிப்போய் அவளுடைய துணியில் சுருண்டுகொண்டான். அந்தத் துணியை நாங்கள் துவைக்கவில்லை. அடுத்த சில வாரம் அவனுடைய எடையை ஒன்றுவிட்டு ஒருநாள் பார்த்து எழுதினோம். அவனுக்கும் அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. அந்த மாதமே சர்க்கரைப் பரிசோதனைக்கு நேரம் வாங்கினோம், மூன்றரை மணி நேரப் பட்டினியோடு.